லூர்த்தம்மாவின் சாட்சியம்

அந்தச் சாட்சியை விலக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார், வகுப்பெடுக்க வந்திருந்த வளவாளர் வாகீசன்.

மண்டபத்தில் முதலில் உயர்ந்தது லவீனாவின் கை.

வரலாற்று ஆசிரியர்களுக்கான செயலமர்வு அது. அதுவும் சனிக்கிழமையில். அநேகம் பேரைப் பள்ளிக்கூட அதிபர்மார் பிடித்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். சிலருக்குச் சான்றிதழ் எப்போது தருவார்கள் என்ற கவலை, சிலருக்கு மத்தியானச் சாப்பாட்டில் இறைச்சி இருக்குமா என்ற கவலை. லவீனா மட்டும் தானாகப் பெயர் கொடுத்து, குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி மருதனார்மடத்துக்கு வந்திருந்தாள்.

முரண்படும் சாட்சியங்களை எப்படிக் கையாள்வது என்பதுதான் தலைப்பு. சுற்றறிக்கையில் அதைக் கண்ட நாளிலிருந்து அவளுக்கு நித்திரை சரியில்லை.

வாகீசன் பயிற்சிக்கு ஒரு வழக்கைக் கொடுத்திருந்தார். ஒல்லாந்தர் காலத்து மீனவன் ஒருவன், தன் வள்ளம் காணாமற்போனது பற்றி மூன்று தடவை சாட்சி சொல்லியிருக்கிறான். மூன்றும் மூன்று விதம். அவனை நம்பலாமா, விலக்கலாமா?

லவீனாவுக்கு அந்த மீனவனைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவள் கையை உயர்த்தியது அம்மாவை நினைத்து.

நாளைக்கு, புதைகுழியில் எடுத்த உடுப்புகளைச் சனத்துக்குக் காட்டப் போகிறார்கள். காணாமற்போனவர்களின் வீட்டார் வந்து அடையாளம் சொல்லலாமாம். அண்ணை ஜெறோமை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் கொண்டுபோனபோது லவீனாவுக்கு மூன்று வயது. அண்ணையின் முகமே அவளுக்குப் படத்தில்தான் தெரியும். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கண்ணால் கண்டதென்று மிச்சமிருப்பது, அப்பாவின் வலைக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும் ஒரே நூலால் தையல் போட்ட அம்மா லூர்த்தம்மா ஒருத்திதான்.

அந்த ஒருத்தியின் வாயில்தான் எதுவும் நிலையாக நிற்காது.

முதல் விசாரணையில் நீலச் சட்டை என்றாள். அடுத்ததில் வெள்ளை. கடைசியாக வந்த ஆணைக்குழுவில், பச்சைக் கோடு போட்டது என்று மாதாமேல் சத்தியம் பண்ணினாள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனையை வைத்துவிட்டு லவீனாவைப் பார்த்தார். படிப்பிக்கிற பிள்ளை, தாய்க்கு ஒழுங்காகச் சொல்லிக் கூட்டிவரக் கூடாதா என்கிற பார்வை. லவீனாவுக்கு மானம் போய்விட்டது. வீடு வந்து சேரும்வரை அவள் அம்மாவோடு கதைக்கவில்லை.

இன்றைக்கு அதற்கொரு முடிவு கிடைத்துவிட்டது. எந்தச் சட்டையை நம்புவது என்று இனி மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. மூன்றையும் விலக்கலாம். நாளைக்கு அங்கே போகாமலே இருந்துவிடலாம். அதை நிம்மதி என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வாகீசன் உயர்ந்திருந்த கைகளைப் பார்த்துச் சிரித்தார்.

“எல்லாரும் அவசரப்பட்டிட்டியள். உவன் ஒவ்வொரு தடவையும் வாய் திறக்கிறதுக்கு முதல் என்னத்தைக் கேள்விப்பட்டவன் எண்டு ஆரும் பாத்தனியளோ?”

வள்ளத்துக்குப் புது வரி போடுகிறார்கள் என்ற செய்தி வந்த நேரமெல்லாம் அந்த ஆள் கதையை மாற்றியிருக்கிறான். குழம்பிப்போய் மாற்றவில்லை, வரிக்குத் தப்புவதற்காகத் தெரிந்தே மாற்றியிருக்கிறான். மண்டபம் சிரித்தது. ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள்.

லவீனா இறக்க மறந்துபோனாள்.

முதல் விசாரணை நடந்த அந்தக் கிழமை, பாழுங்கிணறு ஒன்றில் வெள்ளைச் சட்டையோடு ஒரு உடல் எடுத்ததாகக் குருநகர் முழுக்க ஒரே கதை என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா நீலம் என்றாள்.

வெள்ளை என்று சொன்ன வருஷம், எங்கோ வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய இடத்தில் எலும்போடு நீலத் துணி வந்தது.

கடைசித் தடவை நடந்தது லவீனாவின் காதிலேயே விழுந்தது. ஆணைக்குழுக் கந்தோர் வாசலில் காத்திருந்த பெண்கள், எடுத்த உடுப்புகளில் நீலமும் இருக்காம், வெள்ளையும் இருக்காம் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். உள்ளே போய்ப் பச்சைக் கோடு என்றாள்.

மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எந்தப் பிணமும் தன் பிள்ளையாகிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு தடவையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தாத சட்டையாகப் பார்த்து மகனுக்குப் போட்டுவிட்டிருக்கிறாள்.

இவ்வளவு காலமும் அம்மாவை மூளை குழம்பிய மனுசி என்று நினைத்ததை எண்ண லவீனாவுக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பிறகுதான் இன்று காலை நடந்தது நினைவுக்கு வந்தது.

விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, அம்மாவுக்குப் பேப்பரை வாசித்துக் காட்டினாள். நாளைக்குக் காட்டப்போகிற உடுப்புகளில் ஒரு சட்டை இருக்கிறதாம். மண்ணில் கிடந்து கிடந்து நிறம் தெரியவில்லையாம். மேல் பொத்தானை மட்டும் யாரோ வலை நூலால் தைத்துவிட்டிருக்கிறார்களாம்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த லூர்த்தம்மாவின் கை நின்றது.

“என்ரை பிள்ளை அண்டைக்கு வெறும் மேலோடைதான் போனவன்,” என்றாள். “சட்டையே போடேல்லை.”