ஆட்சி கவில்ந்தது

"பெட்டியை மூடுங்கக்கா. பாலத்தை அடைச்சிட்டாங்கன்னா அப்புறம் நாம எங்கயும் நகர முடியாது."

பல் டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே அவள் கணவர் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்காவைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அக்காவின் கணவர் விடியற்காலையிலேயே தொலைக்காட்சி நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த நிலையத்தைத்தான் ராணுவம் முதல் வேலையாக வளைத்திருந்தது.

தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. மளிகைக் கடையில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். காரில் சாமான் ஏற்றப் போனபோது கீழ்வீட்டு வக்கீலையும் டாக்டர் பார்த்தாள். கூடத்தில் மாட்டியிருந்த அதிபர் படத்தைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். நேற்றுவரை அந்தப் படத்துக்குத் தினமும் தூசி தட்டிய புண்ணியவான்.

அக்கா கடைசித் துணியை மடித்துப் பெட்டியில் வைத்த நேரத்தில் டிவியில் செய்தி வாசிக்க அவள் கணவரின் முகம் தெரிந்தது.

"அக்கா, அண்ணன் வந்துட்டாரு, வாங்க."

ஊரே அவரை 'ழகரம்' என்றுதான் கூப்பிடும். அந்த ஒரு எழுத்தை அவர் வாயால் கேட்பதற்காகவே செய்தி பார்ப்பவர்கள் உண்டு. இன்று அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள்.

"இன்று வியாழக்கிழமை" என்று ஆரம்பித்தார். இரண்டு 'ழ'வும் கச்சிதமாக விழுந்தன. போன வாரம் அவருக்குப் பல் கட்டிவிட்டவள் டாக்டர்தான். அந்தக் கலவரத்திலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"ஆட்சி கவில்ந்தது. முலு அதிகாரமும் ராணுவத்தின் கைக்கு வந்துவிட்டது."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணனுக்கா நாக்கு குழறுது? பாவம், எவ்வளவு பயந்து போயிருந்தா இப்படி வரும்?"

"செத்த இருங்க, திரும்ப வாசிப்பாரு" என்றாள் அக்கா.

திரும்ப வாசித்தார். திரும்பவும் 'கவில்ந்தது'தான்.

அக்கா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். மடித்த துணிகளை எல்லாம் அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"நான் வரல, டாக்டரம்மா. நீங்களும் போகாதீங்க. வண்டியை அணைச்சிட்டு உங்க வீட்டுக்காரரை மேல வரச் சொல்லுங்க, டீ போடறேன்."

"அண்ணன் முதுகுக்குப் பின்னாடி துப்பாக்கி நிக்குது, உங்களுக்கு டீயா?"

"அவருக்கும் சேர்த்துப் பால் எடுத்து வைக்கறேன். சாயங்காலம் வந்துடுவாரு."

அதிர்ச்சியில் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே டாக்டர் முடிவு கட்டினாள். இந்த நிலையில் அவளை விட்டுப் போவது எப்படி? கணவரை மேலே கூப்பிட்டாள். அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பாலத்தை அடைத்துவிட்ட செய்தியும் வந்தது. அன்று பகல் முழுக்க டாக்டர் ஜன்னலுக்கும் டிவிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அக்கா நிம்மதியாகச் சமைத்தாள்.

சாயங்காலம் டிவியில் மறுபடியும் அவர். பின்னால் சிப்பாய்கள் இல்லை.

"ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. சதிகாரர்களால் இந்த நிலையத்தையும் பாலத்தையும் தாண்டி ஓர் அடிகூட நகர முடியவில்லை. ஆட்சி கவிழ்ந்ததாகக் காலையில் வாசிக்க வைக்கப்பட்டது பொய்."

ஒவ்வொரு 'ழ'வும் தேனாக இறங்கியது. கீழே சுத்தியல் சத்தம் கேட்டது. வக்கீல் பழைய இடத்திலேயே ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையிலேயே உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"பொய் சொல்றப்ப மட்டும் அவர் நாக்குல 'ழ' நிக்காது, டாக்டரம்மா. கல்யாணத்தன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன்."

"கல்யாணத்தன்னைக்கா? அன்னைக்கு அப்படி என்ன பொய் சொன்னாரு?"

அக்கா அவருடைய டீ கோப்பையைக் கழுவி வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"'நீ ரொம்ப அலகா இருக்கே'ன்னாரு."