சாட்சி சொன்ன பல்லி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாச் சொன்னா சுவத்துப் பல்லிக்குக் கேட்டுடும்.

ஒரு காலேஜ் வகுப்பறையில் ஒரு பல்லி இருந்தது. "விடாம பார்த்துக்கிட்டே இருந்தா அணு மாறாது, பார்வையை எடுத்தாத்தான் மாறும்" என்று வாத்தியார் சொன்ன நேரம் பார்த்து அது 'ச்சு ச்சு' என்றது. பல்லியே சொல்லிடுச்சு என்று பிள்ளைகள் அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். பல்லிக்குத்தான் ஒரு மண்ணும் புரியவில்லை. சாட்சி சொன்னவனுக்கே விஷயம் தெரியாவிட்டால் மானக்கேடு இல்லையா?

நேரே அலமாரிக்குப் போய், புத்தகம் தின்னும் பூச்சி ஒன்றைக் காலால் அமுக்கிப் பிடித்தது. "இந்த அணு விஷயம் நீ தின்னு தீர்த்த பாடம்தானே? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு, விட்டுடறேன். இல்லேன்னா முழுங்கிடுவேன்."

"அடுப்புல பால் இருக்குண்ணே. பார்த்துக்கிட்டே நின்னா பொங்காது, அந்தாண்ட திரும்பினா பொங்கிடும்."

"நான் சமையல்கட்டுச் சுவத்துல பொறந்தவன்டா. பார்த்துக்கிட்டு நின்னாலும் பால் பொங்கும்."

பூச்சி சட்டென்று பேச்சை மாற்றியது. "அப்ப பாலை விடுங்க. நான்தான் அணுன்னு வச்சுக்குங்க. காலை எடுத்துட்டு என்னையே பாருங்க."

பல்லி காலை எடுத்துவிட்டு முறைத்துப் பார்த்தது. பூச்சி மீசையைக்கூட அசைக்கவில்லை.

"அட, ஆமாடா" என்று பூரித்துப்போனது பல்லி.

"பாதிதாண்ணே ஆச்சு. இப்பக் கண்ணை மூடுங்க."

"எனக்கு ஏதுடா இமை?"

"அப்பத் திரும்பி நில்லுங்க."

பல்லி பயபக்தியோடு திரும்பி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "மாறிடுச்சாடா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டது.

"இன்னும் கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று கடைசித் தட்டிலிருந்த தடிமனான புத்தகத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்துவிட்டு, பூச்சி அடுத்த பக்கத்தைத் தின்ன ஆரம்பித்தது.