பன்னிரண்டு வரை

கடைசித் தொட்டியின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள் தையல்காரி. லேசான ஈரம் இருந்தது.

இருக்கக் கூடாதே.

மொட்டைமாடித் தொட்டிகளுக்குக் கணினியே தண்ணீர் விடும்படி அவள்தான் நிரல் எழுதியிருந்தாள். கணினி எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும். அந்தந்த எண்ணின் குழாய் திறந்து மூடும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை என்று கொடுத்திருந்தாள்.

இன்று கணினி வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. முடிவு என்று நாம் கொடுக்கும் எண்ணுக்கு முன்னாலேயே கணினி நின்றுவிடுமாம். பன்னிரண்டு என்று கொடுத்தால் பதினொன்றோடு சரி. விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலிலேயே நிறுத்துகிற கதையாக இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே பன்னிரண்டாவது தொட்டி நினைவுக்கு வந்தது.

வீட்டில் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வயதில் கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட கணவர், மாதம் முடிவதற்குள் ஒரு செடி வாடினாலும் வகுப்பை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். இவளும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டாள்.

நாளையோடு மாதம் முடிகிறது. இருப்புக்கொள்ளாமல் வகுப்பிலிருந்து பாதியிலேயே ஓடி வந்துவிட்டாள்.

பன்னிரண்டாவது குழாயின் வாயைத் தடவினாள். தூசிதான் ஒட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வந்த தடயம் இல்லை. மழையும் இல்லை. ஆனால் தக்காளிச் செடி பூவும் பிஞ்சுமாக, மற்ற பதினொன்றையும்விடக் கொழுத்து நின்றது.

பக்கத்துத் தொட்டியிலிருந்து கசிகிறதோ? மண்டியிட்டுத் தரையைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

எங்கிருந்துதான் குடிக்கிறது இந்தக் கள்ளச் செடி? வகுப்பு, பந்தயம் எல்லாம் மறந்துபோனது. இது தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கணவர். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மறுகையில் தளும்பத் தளும்ப ஒரு குவளைத் தண்ணீரோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். இந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருப்பாள் என்று நம்பி வந்தவர் திருதிருவென்று முழித்தார்.

பிறகு, மாட்டிக்கொண்ட பின் என்ன என்பதுபோல் நேராகக் கடைசித் தொட்டிக்கு வந்து, முழுவதையும் நிதானமாக ஊற்றினார்.

"உன் மெஷின் முதல் நாள்லேருந்தே இதுக்கு மட்டும் தண்ணி விடல. சீக்கிரம் சரி பண்ணு, படி ஏறி ஏறி முட்டி வலிக்குது."