பதினாலாவது மாடிச் சிட்டு

"பெரியவரே, உங்க சிட்டுங்க இந்த வாரமும் பாதியைக் காலி பண்ணிடுச்சுங்க!"

கோட்டிலிருந்து பனியை உதறியபடி பால்கனியிலிருந்து உள்ளே வந்தாள் டார்லா. ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்றிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வீட்டு வேலைக்கு வருபவள்.

ஆர்விட்டின் முகம் மலர்ந்தது. "அடடே, வந்துச்சா? நான் பார்க்கவே இல்லையே!"

"நீங்க குளிக்கப் போனப்ப வந்துச்சு. எப்படிக் கொத்தியிருக்கு பாருங்க."

சிட்டுகளுக்காகப் பால்கனியில் தொங்கவிட்ட சின்னக் கம்பிக் கூண்டிலிருந்த தீனியில் வரிசை வரிசையாகக் கோடுகள்.

"அப்ப புதுசாப் பண்ணிடுவோம்மா. இந்தக் குளிர்ல அதுங்க பட்டினி கிடக்கக் கூடாது."

"நேரமாச்சு. ஆபீஸ்ல திட்டுவாங்க."

"கொழுப்பை உருக்கி வெச்சுட்டேன். நீ கிண்டி மட்டும் குடு. எனக்குக் கை வலிக்குது."

"உங்களோட பெரிய ரோதனை!"

மாட்டுக் கொழுப்பில் வேர்க்கடலை வெண்ணெயையும் ஓட்ஸையும் கொட்டி மரக்கரண்டியால் கிண்டினாள். கிண்டி முடிக்கும்வரை, மகன் காரை இடித்தது, அக்கா கோபித்துக்கொண்டு போனது என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவர் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் கிளம்பியதும் வீடு பழையபடி அடங்கிப்போனது.

ஆர்விட் எழுந்துபோய், சிங்க்கில் தட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த முள்கரண்டியை எடுத்தார். பற்களில் கூண்டிலிருந்த பழைய தீனி ஒட்டியிருந்தது.

சுப்பீரியர் ஏரிக் காற்று அறையும் இந்தப் பதினாலாவது மாடிக்கு ஒரு சிட்டும் வராது என்பது அவருக்குப் போன குளிர்காலத்திலேயே தெரியும்.

முள்கரண்டியைக் கழுவித் துடைத்தார். அடுத்த வாரம் அவள் கைக்குச் சட்டென்று அகப்படும்படி, டிராயரில் மற்ற கரண்டிகளுக்கெல்லாம் மேலே வைத்தார்.