திரிந்த பால் நிறத்தில் ஒரு நாக்கு

ஆஸ்துமாக்காரர் வாயைத் திறக்கிறார், நர்ஸ் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். நாக்கு முழுக்கத் திரிந்த பாலைப் போல வெள்ளைத் திட்டுகள். குச்சியால் ஒன்றைச் சுரண்டினால் அடியில் ரத்தம் கசிகிறது. முகக்கவசத்தையும் மீறி ஏறும் வாடையில் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். "இன்ஹேலர் அடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும்னு எத்தனை தடவைய்யா சொல்றது? மருந்து வாயிலேயே தங்கினா பூஞ்சை பிடிக்காம என்ன செய்யும்?" அவர் மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடுகிறாள். "யாரும் சொன்ன ஞாபகம் இல்லையேம்மா. பத்து நாளா எச்சில்கூட முழுங்க முடியாம அழறாரு." "சொல்லாம யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்," என்று நர்ஸ் அவருடைய பழைய ஃபைலை வெடுக்கெனப் பிரிக்கிறாள். 'இன்ஹேலர் முறை கற்றுத்தரப்பட்டது, நோயாளி புரிந்துகொண்டார்.' நேரே ஒரு டிக். கீழே அவளுடைய கையெழுத்து. அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று ஷிஃப்ட் முடியும் அவசரத்தில், ஒரு கட்டிலருகிலும் போகாமல், பன்னிரண்டு பேரின் தாள்களில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டுத் தள்ளியது. டார்ச் இன்னும் எரிகிறது. அவர் இன்னும் வாயைத் திறந்தே வைத்திருக்கிறார். "எங்க மறதியாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்கம்மா," என்கிறாள் மனைவி. நர்ஸ் ஃபைலை மூடுகிறாள். "பரவாயில்லம்மா, இனிமே மறக்காதீங்க."