ரப்பர் மூடி

இளையவளின் எலக்ட்ரோடில் ரப்பர் மூடி திறக்கப்படவில்லை. மூத்தவள்தான் அதை முதலில் பார்த்தாள்.

பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மண் பரிசோதனைக் கூடத்தில் அன்று போட்டி. ஒரே மண்ணை இரண்டு குவளைகளில் கரைத்து இருவரிடமும் கொடுத்திருந்தார் மேலாளர். அதன் அமில அளவு அவருக்கு மட்டுமே தெரியும். யார் அளந்தது அதை நெருங்கி வருகிறதோ, புதிய பிரிவுக்கு அவளே தலைமை.

குவளையில் அமிழ்த்தி அளக்கும் குச்சிதான் எலக்ட்ரோடு. அதன் உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்தால்தான் அளவு சரியாக வரும். அதற்காகத்தான் மேலே ஒரு துளை. அளக்கும்போது அதன் மூடியைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் எண் ஓரிடத்தில் நிற்காது.

இளையவளின் எண் அலைந்துகொண்டிருந்தது.

அலையட்டும்.

இருவரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்படி. இங்கே வேலை காலியிருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னதே மூத்தவள்தான். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் என்று பிறகு தோன்றியது. சின்னவள் அளந்தால் அளந்ததுதான் என்பார் மேலாளர். வீட்டுக்குப் போனால், சின்னவள் கை பட்டால் பாத்திரம்கூடப் பளபளக்கிறது என்பாள் மாமியார்.

பதவிப் பேச்சு வந்ததிலிருந்து மூத்தவள் அவளோடு பேசுவதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான்.

"உங்க சித்திகிட்ட உப்பு டப்பா எங்கன்னு கேளுடி."

சித்தி பக்கத்திலேயே நிற்பாள்.

உள்ளே மேலாளர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. மூத்தவளின் எண் அசையாமல் நின்றது. எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பேனா நகரவில்லை.

காலையில் சாமியிடம் ஜெயிக்க வை என்றுதான் கேட்டிருந்தாள். இப்படி ஜெயிக்க வை என்று கேட்கவில்லை.

எழுந்து போனாள். இத்தனை நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மூடியத் திறக்கல பாரு. கண்ண எங்கடி வெச்சிருக்க?"

இளையவள் நிமிரவில்லை.

"தெரியும்க்கா. திறந்துதான் இருந்துச்சு, நான்தான் மூடினேன்." குவளையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க ஜெயிச்சுட்டா, பழையபடி எங்கிட்ட பேசுவீங்கல்ல?"