இன்னொரு எண்பது

மாமனார் ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையையும் பூட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிட்டார்.

வண்டிக்குத்தான் இன்னும் முன் சக்கரம் இல்லை.

முன்பக்கத்தை மரக்கட்டை மேல் தூக்கி நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் முன்னால் மருமகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவள் நடத்தும் மெக்கானிக் கடைக்கு அன்று வேறு வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. இருந்த ஒருத்தரும் சும்மா இராமல் நிமிடத்துக்கு ஒரு தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

மனுஷன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை நிதானத்துக்குப் பெயர் போனவர். பென்ஷன் வர ஆரம்பித்த பிறகுதான் வேகப் பைத்தியம் பிடித்தது. மீட்டர் முள் எண்பதைத் தொட வேண்டும். அதற்கு மேல் ஆசையில்லை, அதற்குக் கீழே திருப்தியும் இல்லை.

போன வாரம் எண்பதுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம் குறுக்கிட்டது. முன் சக்கரம் கோணல்மாணலாகிவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

வண்டியை விற்றே தீர வேண்டும் என்று மகன் ஒற்றைக் காலில் நின்றான். மாமியார் அதற்கு ஒத்து ஊதினார். மாமனார் சண்டைக்கு வரவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதைத்தான் மருமகளால் தாங்க முடியவில்லை. வேறு சக்கரம் மாட்டிப் பார்க்கிறேன், பத்திரமாக உட்கார்ந்தால் வண்டி இருக்கட்டும், இல்லையென்றால் விற்றுவிடுங்கள் என்று நடுவில் புகுந்தாள்.

அந்த வண்டியின் சக்கரம் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. பழைய பார்ட்ஸ் கடையில் வேறொரு வண்டியின் சக்கரம்தான் அகப்பட்டது. விட்டம் அதேதான், அச்சும் நுழைந்தது. நடுக்குடம்தான் கொஞ்சம் ஒடுக்கம். இரண்டு பக்கமும் இடைவெளியை அடைக்க லேத்தில் வளையம் கடைந்து வாங்கி வந்திருந்தாள்.

மாட்டினாள். சுற்றிவிட்டாள்.

பிரேக் டிஸ்க் ஒரு பக்கம் லேசாக உரசியது.

"இது போதும்மா, ஓட ஓட சரியாயிடும்" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவள் காதில் வாங்கவில்லை. கழற்றி, ஒரு பக்கத்து வளையத்தை மயிரிழை தேய்த்து, மறுபக்கம் அதே கனத்துக்கு ஒரு வாஷர் வைத்தாள். டயரில் இருந்த அம்புக்குறி முன்னோக்கி இருக்கிறதா என்று பார்த்தாள். மீட்டர் கேபிளைச் சுழற்றும் பல்சக்கரம் மட்டும் இரண்டு வைத்திருந்தாள். ஒன்றைப் பொருத்திவிட்டு மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இந்த முறை சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது.

அச்சு நட்டை இறுக்கினாள். வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கத்தை நாலு அமுக்கு அமுக்கிய பிறகே அச்சைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டுகளை முடுக்கினாள். பிரேக் பிடியைக் கல் மாதிரி இறுகும்வரை அழுத்தி அழுத்தி விட்டாள். அவசரக்காரர்கள் மறப்பது இதைத்தான். முதல் தடவை பிடி வெறுமனே உள்ளே போகும், வண்டி நிற்காது.

முதல் சுற்று அவளே போய் வந்தாள். அவள் வரும்வரை மாமனார் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

தெரு முனையில் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மகனும் மாமியாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். மருமகள் தான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் மனசுக்குள் மறுபடி ஒரு தரம் முடுக்கிப் பார்த்தாள்.

சத்தம் திரும்பி வந்தது.

"எண்பது! முள்ளு ஆடாம அசையாம நின்னுச்சு!" வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார். முகமெல்லாம் பல்.

மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே மெல்லச் சரிந்து படியில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார். மகன் தலையில் அடித்துக்கொண்டு, இன்னொரு தரம் இப்படிப் போனால் நடக்கிறதே வேறு என்று கத்தினான்.

ஆனால் சாவியைக் கேட்கவில்லை.

கேட்க மாட்டான். முந்தின நாளே சமையலறையில் மூன்று பேரும் கூடிப் பேசி முடித்த சமாச்சாரம் அது. வண்டியில் மாட்டியிருப்பது கேபிளை வேகமாகச் சுழற்றும் வேறொரு வண்டியின் பல்சக்கரம். முள் எண்பதில் நிற்கும்போது வண்டி ஓடுவது ஐம்பத்தைந்தில். சரியான பல்சக்கரம் மருமகளின் சட்டைப் பையில் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் மகன் வண்டியை வைத்துக்கொள்ளவே சம்மதித்தான்.

சிரிப்பை அடக்க முடியாமல் அவனும் மாமியாரும் உள்ளே ஓடிவிட்டார்கள். மருமகள் ஸ்பானர்களைத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

மாமனார் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"காலம் பூரா மீட்டர் ஓடாத பஸ்ஸ ஓட்டினவன்மா நான். அம்பத்தஞ்சுல காத்து எப்படி அடிக்கும்னு என் காதுக்குத் தெரியாதா?"

அவள் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத. பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு நடிச்சா."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். இருட்டுவதற்குள் இன்னொரு எண்பது போய் வர வேண்டுமாம்.